கிணறு இல்லாத தீவு

மே 4

இன்றைக்கு மூன்றாம் தரமும் அதே பாறையடியில் செத்தேன். முதல் இரண்டு தரமும் பிழை என்னுடையது. மூன்றாம் தரம் கரண்ட் போய்விட்டது. வந்ததும் போட்டுப் பார்த்தால் பழையபடி தொடக்கத்தில் நிற்கிறேன். இந்தக் கேமில் நினைத்த இடத்தில் சேமிக்க ஏலாது. அவர்கள் கொடி நட்டு வைத்த இடத்தில்தான் சேமிக்கலாம். ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் இடையில் எங்கள் ஊர் மண்கும்பானில் இருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பிவிடலாம். இதைச் செய்தவர்களில் ஒருவராவது கரண்ட் போகிற ஊரில் இருந்திருக்க மாட்டார். முதல் குறை.

பெயர் ஆங்கிலத்தில் சோல்ட் மூன். என் யூரியூப் சனலில் ‘உப்புச் சந்திரன்’ என்றுதான் சொல்லப்போகிறேன். இன்னும் முந்நூறு வருடம் கழித்து நடக்கிற கதை. தூரத்துக் கிரகம் ஒன்றின் சந்திரன், முழுக்க உப்புக்கடல், நடுவில் தீவுகள். ஆகாயக் கப்பலில் இருந்து ஒரு படைவீரன் இறங்குகிறான். அவன் கண்ணால்தான் நாங்கள் பார்க்க வேண்டும். திரையில் தெரிவது அவனுடைய கையும் துவக்கும் மட்டும்.

ஆனால் அந்தத் துவக்கு! சன்னம் கிடையாது, ஒளியைத்தான் சுடும். சுடச் சுடச் சூடேறிச் சிவக்கும். கடலில் தோய்த்தால் ஆவி பறந்து ஆறும். ஆனால் தண்ணீர் காய்ந்ததும் குழலில் உப்புப் படியும். உப்புக் கட்டினால் துவக்கு இறுகிவிடும். பிறகு எதிரி வந்துகொண்டிருக்கும்போதே கத்தியால் சுரண்ட வேண்டும். மண்கும்பானில் சைக்கிள் வைத்திருக்கிற எவருக்கும் இந்த அவஸ்தை தெரியும். இதை யோசித்தவன் கெட்டிக்காரன்.

“முப்பத்திநாலு வயசு. பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் படிப்பிக்கிறவ. வீட்டை வந்தால் துவக்கு” என்று அம்மா குசினிக்குள் நின்று சட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. சட்டி பதில் சொல்லவில்லை. நான் குழலில் உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மே 7

அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிற என் சிநேகிதி நிசாந்தினி வங்கி வேலை முடித்து நேரே இங்கே வந்தாள். நான் துவக்கு, அவள் காது. எதிரிகளுக்குக் கண் இல்லை, சத்தத்தை வைத்துத்தான் வரும். “இடப்பக்கம்! இடப்பக்கமடி விசரி!” என்று கத்தினாள். அப்பா வெளியில் இருந்து ஓடிவந்து பாம்பா என்று கேட்டார்.

மே 11

பலங்களை எழுதி வைக்கிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன்.

சத்தம் முதல் தரம். தலைக்கவசத்துக்குள் தன் மூச்சு தனக்கே கேட்கும், பயந்தால் மூச்சு கூடும், கூடினால் அந்தக் கண்ணில்லாத சென்மங்களுக்கும் கேட்டுவிடும். ஆகவே பயப்படாமல் விளையாடப் பழக வேண்டும். இப்படி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. எதிரிகளும் மொக்கர்கள் இல்லை. ஒன்று முன்னால் நின்று சத்தம் போட, மற்றது பின்னால் சுற்றி வரும். ஈர்ப்புக் குறைந்த சந்திரன் என்பதால் குதித்தால் மெல்ல மெல்லத்தான் இறங்குவோம். வெயில் சாயும்போது உப்புவெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன், சுடவே மனம் வரவில்லை.

குறைகள்: சேமிப்புக் கொடி. தனியாக விளையாடுகிற கேமுக்கு இன்ரநெற் ஏன்? மழை இருட்டினால் எங்கள் ஊரில் சிக்னல் படுத்துவிடும், உடனே படைவீரனும் கை தூக்கியபடி உறைந்துபோவான். இரண்டாம் அத்தியாயம் முழுக்க ஒரே மாதிரி நடைபாதை, ஒரே மாதிரிக் கதவு. அதன் கடைசியில் வருகிற பெரிய மிருகம் வெறும் பருமன்தான், புத்தி கிடையாது. சுட்டுச் சுட்டு விரல் நொந்தது.

இதெல்லாம் மன்னிக்கலாம். மூன்றாம் அத்தியாயத்தை மன்னிக்க ஏலாது.

அங்கேதான் முதன்முதல் சனம் இருக்கிற தீவுகள் வருகின்றன. ஆசையோடு இறங்கினேன். மண்ணைத் தோண்டிப் பதுங்குகிற ஒரு பங்கர், உள்ளே சனம். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி என்னைக் கண்டதும் எழும்பி, “வந்துவிட்டீர்களா! எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்” என்கிறாள். அவ்வளவுதான். திரும்பப் போய்க் கேட்டாலும் அதையே சொல்கிறாள். அதிகாலையில் போனாலும் அதே இருப்பு, பின்னேரம் போனாலும் அதே இருப்பு. ஒருவரும் ஒரு வேலையும் செய்வதில்லை. அடுப்பு இல்லை, வலை இல்லை, ஒரு நாய்கூட இல்லை.

தீவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கிணறு இல்லை.

சுத்திவரக் கடல், நடுவில இவ்வளவு சனம், கிணறு இல்லையோ? உதுகள் என்னத்தைக் குடிக்குதுகள்? ஆர் படம் கீறினது உந்தத் தீவை?

மே 12

இன்னும் கோபம் ஆறவில்லை.

மே 18

சின்னம்மா கனடாவில், ரொறன்ரோவில் இருந்து சம்பந்தம் ஒன்று அனுப்பியிருக்கிறா. வேலணை ஆட்கள்தான், பெடியன் ஐந்து வயதில் தீவை விட்டுப் போனவன். குறிப்பு பார்த்தாயிற்றாம், “நல்ல பொருத்தம், கைவிடாதேங்கோ” என்று சாத்திரியார் சொன்னாராம். அம்மாவின் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டு வருடக்கணக்கு.

“என்ன வேலை?”

“ஏதோ கேம் செய்யிற கொம்பனியாம். உனக்கெண்டே பிறந்திருக்கிறான் பிள்ளை!”

பெயர் வசீகரன் கனகசபை. எங்கேயோ கண்ட பெயராக இருந்தது. உப்புச் சந்திரனின் கடைசியில் ஓடுகிற பெயர்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். துவக்கு செய்தது வேறு ஆள். சத்தம் வேறு ஆள்.

மூன்றாம் அத்தியாயம், தீவுகள்: வசீகரன் கனகசபை.

வயிறு நோகச் சிரித்தேன். அம்மா நான் சந்தோசத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்துச் சாமி அறைக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினா. உலகத்தில் எத்தனையோ மாப்பிள்ளை இருக்க, கிணறு கட்டாத மாப்பிள்ளை எனக்கு!

மே 20

விசயம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நிசாந்தினியின் வாய் ஓட்டை வாய்.

“அந்த விமர்சனத்தைக் கலியாணம் முடிய விடன் பிள்ளை. இப்ப என்ன அவசரம்?”

“முடிஞ்ச பிறகு விட்டால் புருசனைக் குறை சொல்லுற மாதிரி. இப்ப விட்டால் கேமைச் சொல்லுற மாதிரி.”

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறாய்.”

“சங்கு சும்மா கிடக்கேல்லை அம்மா. உலகம் முழுக்க வித்திருக்கினம்.”

அம்மா அப்பாவைப் பார்த்தா. அப்பா புட்டு ஆறுகிறது என்றார்.

மே 25

விமர்சனத்தை ஏற்றிவிட்டேன். பாதி நேரம் பலங்களைத்தான் சொன்னேன். துவக்கு, சத்தம், அந்தப் பின்னேர வெளிச்சம், ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு மூன்றாம் அத்தியாயம். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“இந்தத் தீவில் இருக்கிறவர்கள் மனிதர்கள் இல்லை, பொதிகள். ஒருவன் வானத்தால் வந்து தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் தலையில் கை வைத்துக் காத்திருக்கும் பொதிகள். நான் தீவில் இருக்கிறவள். எனக்கு ஏழெட்டு வயதில், சண்டையால் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் இருந்து ஊருக்குத் திரும்பி வந்தோம். வந்து முதல் செய்த வேலை வீட்டுக்குக் கூரை போட்டதில்லை. கிணறு இறைத்தோம். அடியில் கிடந்ததை எல்லாம் வாளி வாளியாக அள்ளி வெளியில் போட்டோம். தீவைக் கீற விரும்புகிறவர்கள் முதலில் கிணற்றைக் கீறுங்கள்.”

மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. அதுவும் பயத்தில் இல்லை, அது முறையில்லை என்பதால்.

ஒருவன் கீழே எழுதியிருந்தான்: “அக்கா நீங்கள் சமையல் சனல் தொடங்கலாமே.” பதில் போட்டேன்: “தம்பி, வாரும், ஒரு ஆட்டம் ஆடுவம். நான் தோற்றால் சமைக்கிறன்.” ஆளைக் காணவில்லை.

ஜூன் 3

சின்னம்மாவின் சத்தம் போனுக்கு வெளியில் கேட்டது. விமர்சனத்தை யாரோ ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டு அது மாப்பிள்ளையின் கொம்பனி வரை போய்விட்டதாம்.

“அந்தப் பிள்ளையின்ரை சோத்தில மண்ணள்ளிப் போட்டிட்டியேடி!”

“சின்னம்மா, நான் சொன்னதில பொய் என்ன இருக்கு?”

“பொய்யெண்டு ஆர் சொன்னது? உண்மையெண்டால் எல்லாத்தையும் சொல்லுறதோ?”

இவ்வளவுக்கும் சம்பந்தம் முறியவில்லை. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வருகிறார்களாம், கோயிலில் வைத்துப் பார்க்கலாமாம். அதற்கு முன்னால் வீடியோவை எடுத்துவிட வேண்டுமாம்.

எடுக்கமாட்டன். என்ரை கண்ணால பாத்ததை என்ரை வாயால சொன்னனான். ஒரு கிழமை யோசிச்சாலும், ஒரு வருசம் யோசிச்சாலும் அந்தத் தீவில கிணறு இல்லை.

ஜூன் 15

அம்மா அழுதா. “நாங்கள் செத்தால் உனக்கு ஆர்?” என்று கேட்டா. கோபித்தால் நான் தாங்குவேன், அழுதால் ஏலாது. எடுத்துவிடுவோமா என்று வீடியோவைத் திறந்து பார்த்தேன். முழுக்கக் கேட்டேன். ஒரு சொல்லையும் மாற்ற மனம் வரவில்லை. மூடிவிட்டேன்.

ஜூலை 5

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில்தான், தற்செயலாகக் கண்ட மாதிரி. பிடித்தால் கதைக்கலாம். பிடிக்காவிட்டால் கும்பிட வந்தோம், கும்பிட்டோம் என்று போகலாம், எவருக்கும் மானம் போகாது. ஆகவே கோயில் வாசல் வரும்வரை இரண்டு பகுதியும் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. நல்ல வழக்கம்தான். ஆனால் நயினாதீவுக்குப் படகில்தான் போக வேண்டும் என்பதைப் பெரியவர்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

படகு ஏறுகிற குறிகட்டுவானில் திருவிழாச் சனம். நானும் அம்மாவும் நிசாந்தினியும் ஏறி இருந்தோம். எதிர் வாங்குப் பலகையில் ஒரு அன்ரி, பக்கத்தில் ஒரு நெடுவல் ஆள். போட்டோவில் பார்த்த முகம். வசீகரன்! முழங்காலும் முழங்காலும் முட்டுகிற தூரம். எல்லோருக்கும் செம்மஞ்சள் மிதவை அங்கி. அம்மா உடனே கடலைப் பார்க்கத் தொடங்கினா. அந்த அன்ரியும் மற்றப் பக்கத்துக் கடலைப் பார்த்தா. அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

படகு வெளிக்கிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆளோடு நான் கதைக்க ஏலாது. இந்த ஆளும் என்னோடு கதைக்க ஏலாது. நான் நிசாந்தினியோடு கதைப்பதை எவரும் தடுக்கவும் ஏலாது!

“எடி நிசா, உந்த உப்புச் சந்திரன் விளையாடினியெல்லே? அந்த மூண்டாம் அத்தியாயம் என்ன மாதிரி?”

அம்மா என் தொடையில் நுள்ளினா. நிசாந்தினி என் முகத்தைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள், விளங்கிவிட்டது. அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“எனக்கெண்டால் பிடிச்சதடி” என்றாள் சத்தமாக. “என்னையும் ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போகலாம். நான் பெட்டி அடுக்கிப்போட்டு நிக்கிறன்.”

“நீ போ. நீ போறதெண்டாலும் கிணத்தடியில குளிச்சு, தலை இழுத்து, பவுடர் போட்டெல்லே போவாய்? அங்கை கிணறே இல்லை!”

“எந்தத் தீவு பிள்ளை அது?” பூமாலைப் பையோடு பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி கேட்டா. “தண்ணிப் பவுசர் லொறியும் வாறேல்லையோ?”

“வாறேல்லை ஆச்சி. கீறினவர் மறந்திட்டார்.”

“அறுவான்” என்றா ஆச்சி.

எதிர் வாங்கில் அவருடைய காது சிவந்ததைப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

“இஞ்சை வெளியில இருந்து ஆர் வந்திறங்கினாலும் நாங்கள் கேக்கிறது ரெண்டு கேள்விதான். எப்ப வந்தனீர்? எப்ப போறீர்? அந்த மஞ்சள் சட்டைக்காரி உண்மையான தீவுக்காரியெண்டால் அதைத்தான் கேட்டிருப்பாள். ‘எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ’வாம்! உவரை ஆர் கேட்டது?”

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. தாயின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நாங்கள் இஞ்சையிருந்து போகேக்கை எனக்கு ஐஞ்சு வயசெல்லே?”

“பேசாமல் இரு வசி” என்றா அந்த அன்ரி கடலைப் பார்த்தபடி.

“எனக்கு ஞாபகம் இருக்கிறது பங்கர் மட்டும்தான் அம்மா. உங்கடை கை என்ரை தலையில இருந்தது. ஆராவது வந்து கூட்டிக்கொண்டு போகமாட்டினமோ எண்டு நான் அழுதனான். வெளியில என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் என்னை வெளியில விடேல்லை.” கொஞ்சம் நிறுத்தினார். “கிணறு வெளியில இருந்திருக்கும்.”

அந்த அன்ரி கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டா. தன் சேலைத் தலைப்பைப் பார்த்தா. சொல்ல நினைத்த மிச்சத்தை விட்டுவிட்டு நானும் கடலைப் பார்த்தேன்.

நயினாதீவு இறங்குதுறையில் எல்லோரும் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெரியாத ஆட்கள் மாதிரித் தனித்தனியே நடந்தோம்.

கும்பிட்டு முடித்து வெளிவீதியில் ‘தற்செயலாக’ச் சந்தித்தோம். “அட, நீங்களோ!” என்று அம்மா நடித்த நடிப்புக்கு அம்மனே சிரித்திருப்பா. அந்த அன்ரி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தா. நல்ல மனுசி, அதை மறைக்கக்கூடாது.

“அந்த வீடியோவை எடுத்துப்போடும் பிள்ளை. எங்கடை சனத்துக்கு முன்னால எங்களுக்கு ஒரு முகம் வேணும். பேந்து எல்லாம் வடிவாச் செய்வம். கெதியா உம்மை அங்காலை கனடாவுக்குக் கூப்பிட்டிடுவம்.”

“வீடியோவை எடுக்கமாட்டன் அன்ரி. அதில பொய் இல்லை. அங்காலை வரவும் எனக்கு விருப்பமில்லை. இஞ்சை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, சனல் இருக்கு. குறை நினைக்காதேங்கோ.”

கை மெல்ல விடுபட்டது.

அவரோடு கதைக்க எங்களுக்கு ஒரு ஐந்து நிமிடம் தந்தார்கள். படகில் அவ்வளவு கதைத்த நாங்கள், கதைக்கலாம் என்று விட்டதும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர்தான் கேட்டார்.

“கிணறு எங்கை இருக்க வேணும்?”

“என்னைக் கேளாதையும். அங்கை இருக்கிற ஆக்களைக் கேட்டுச் செய்யும்.”

“அவை பொம்மையள்தானே.”

“அதுதான் குறை” என்றேன்.

சிரித்தார். வடிவான சிரிப்பு. கோதாரி.

ஜூலை 14

முடிவு வந்துவிட்டது. குறிப்பை வேறொரு சாத்திரியிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். இதுவும் வழக்கம்தான், எவருக்கும் மானம் போகாது.

அம்மா என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறா.

ஜூலை 22

ஒழுங்கையில் எனக்குப் பெயர் வைத்தாயிற்று: கேம் விளையாடிக் கலியாணம் குழப்பினவள். சந்தைக்குப் போனால் கதை நிற்கிறது. நிற்கட்டும். நான் நிமிர்ந்துதான் நடக்கிறேன், வெண்டிக்காயை நிறுத்துத்தான் வாங்குகிறேன்.

ஓகஸ்ட் 3

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன். போதும்.

ஓகஸ்ட் 10

மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பப் போட்டேன். இந்த முறை ஒருவரையும் சுடவில்லை. பங்கருக்குள் போய் மற்றவர்கள் மாதிரிக் குந்தினேன். குந்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அங்கே அதை அழுத்திப் பார்த்ததில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தேன். மேலே மரக்குற்றி அடுக்கிய கூரை. வெளியே வெடிக்கும் ஒவ்வொரு தரமும் இடுக்கால் மணல் உதிர்கிறது. வாசலால் தெரிவது கால்களும் ஒரு துண்டு வானமும் மட்டும். பக்கத்தில் இருக்கிற தாயின் வளையல் என் காதடியில் கிலுங்குகிறது. யாருடைய வளையல் சத்தம் அது? ஒரு கேமுக்குள் இவ்வளவு கவனமாக வைத்த வளையல் சத்தத்தை நான் கேட்டதில்லை.

இதைச் சனலில் சொல்ல வேண்டும். பலத்தையும் சொல்லாவிட்டால் நான் என்ன விமர்சகி?

ஓகஸ்ட் 12

சொன்னேன். “பங்கருக்குள் போய்க் குந்திப் பாருங்கள். இந்தக் கேமில் மிக உண்மையான இடம் அதுதான். வெளியில் வந்தால் நான் முன்னம் சொன்ன குறை அப்படியே இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

நிசாந்தினி கேட்டாள்: “ஆருக்கடி உது? சனத்துக்கோ, அவருக்கோ?”

“போடி.”

ஒக்டோபர் 19

அம்மா இன்றைக்கு வாய் திறந்தா. “உந்தக் கண்டறியாத கேமில ஆடு மாடும் இல்லையோ?” என்று. இல்லை என்றேன். “பேந்தென்ன தீவு” என்றா. கோழிக்கறி வைத்திருந்தா. நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜனவரி 11

உப்புச் சந்திரனுக்கு அப்டேற். சின்னதில்லை. சிக்னல் எழும்பி விழுந்து, பள்ளிக்கூடத்தால் வந்த பிறகும் இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றங்கள் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு வரி: மூன்றாம் அத்தியாயம் திருத்தப்பட்டது.

நிசாந்தினிக்குப் போன் அடித்துச் சொன்னேன், ஓடிவந்தாள். அம்மா பொங்கலுக்குப் பயறில் கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தா. குசினியில் வெளிச்சம் போதாதாம், சுளகோடு வந்து என் அறையில் இருந்தா. குசினியில் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இறங்கினேன். பங்கர் அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. வெளியில் வலை காய்கிறது. ஒரு நாய் குரைத்துக்கொண்டு வந்தது. மேட்டைத் தாண்டினால் கிணறு. கப்பலில் இருந்து விழுந்த ஏதோ இரும்பை வளைத்துத் தண்ணீர் அள்ளத் துலா செய்திருக்கிறார்கள். மஞ்சள் சட்டைக்காரி தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு வாளியை வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் சாத்தியிருந்த துவக்கை எடுத்தாள். என்னைக் கண்டு எழும்பி ஓடிவரவில்லை. நின்ற இடத்தில் நின்று ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டாள்.

நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். நிசாந்தினி என் கையைப் பிடித்து நுள்ளினாள்.

“என்னவாம்?” என்றா அம்மா.

“எப்ப வந்தனீர், எப்ப போறீர் எண்டு கேக்கிறாள் அம்மா.”

அம்மா சிரித்த சிரிப்பில் சுளகில் இருந்து பயறு சிந்தியது. “உவள் எங்கடை ஆள்!”

நான் பழக்கத்தில் துவக்கை நீட்டியபடி நின்றிருக்கிறேன். அவ்வளவுதான். கூரையில் ஒருவன், படகில் ஒருத்தி, நாலு பக்கத்தாலும் சுட்டார்கள். செத்தேன். இந்தக் கேமில் எத்தனையோ தரம் செத்திருக்கிறேன், இவ்வளவு சந்தோசமாகச் செத்ததில்லை.

“நல்லா வேணும்” என்றா அம்மா. “ஆற்றையோ வீட்டுக் கிணத்தடிக்குத் துவக்கோட போறதோ?”

இரண்டாம் தரம் துவக்கைத் தாழ்த்திக்கொண்டு போனேன். விட்டார்கள். கிணற்றுக் கட்டடியில் போய் எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் வானம் தெரிந்தது.

“உப்புத்தண்ணியோ, நல்லதண்ணியோ?” அம்மா கேட்டா.

நான் யோசிக்கவே இல்லை இதை. தீவில் பிறந்து வளர்ந்தவர் கேட்கிற முதல் கேள்வி, விமர்சகிக்கு வரவில்லை. குடித்துப் பார்க்க இந்தக் கேமில் வழி இல்லை. ஆனால் துவக்கு இருக்கிறது. வானத்தைப் பார்த்துச் சுட்டுச் சூடாக்கி, வாளித் தண்ணீரில் தோய்த்தேன். ஆவி பறந்தது. மூன்று பேரும் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்தது. உப்புப் படியவில்லை. முன்னம் கட்டியிருந்த உப்பும் கரைந்து குழல் பளபளவென்று வந்தது.

“நல்லதண்ணி அம்மா.”

“வேலணைச் சாட்டிக் கிணத்துத் தண்ணியாக்கும்” என்றுவிட்டு அம்மா குனிந்து சிந்தின பயறைப் பொறுக்கினா. கொஞ்ச நேரம் கழித்து, குனிந்தபடியே, “பெடியன் ஆரையோ கேட்டுத்தான் செய்திருக்கிறான்” என்றா.

ஜனவரி 16

பொங்கல் முடிந்து புது வீடியோ போட்டேன். பழையதை எடுக்கவில்லை, இரண்டும் கிடக்கும். கிணற்றைச் சொன்னேன், நாயைச் சொன்னேன், துலாவைச் சொன்னேன். சேமிப்புக் கொடி இன்னும் அங்கேயே நிற்கிறது என்பதையும் சொன்னேன். மஞ்சள் சட்டைக்காரி கேட்கிற கேள்விக்கு விளையாடுகிறவர் பதில் சொல்ல ஒரு பொத்தான் இல்லை, அதுவும் பெரிய குறை என்று முடித்தேன்.

பின்னேரம் கீழே ஒருவர் எழுதியிருந்தார். சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தார்.

“பொத்தான் செய்யிறம். வேறை என்ன குறை?”

முற்றத்துக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து பதில் போட்டேன்.

“நிறைய இருக்கு. எழுதி முடியாது. நான் இஞ்சைதான் இருப்பன். எப்ப வாறீர்?”

அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன், மற்றக் கேள்வியைக் கேட்கவில்லை.